பத்து நாளும் ஒரே மீனவ ஊரிலா?

கேள்வி: என் கணவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். செப்டம்பரில் பத்து நாள் கிரேக்கத் தீவுகளுக்குப் போவதாக முடிவு. டிராவல்ஸில் ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி என்று அட்டவணை தந்தார்கள். அவரோ, "ஏதாவது ஒரு மீனவ ஊரில் நிம்மதியாக உட்கார்ந்திருப்போம்" என்கிறார். அவர் மீன் பிரியர். நான் சுத்த சைவம். எனக்குச் சாப்பாடு கிடைக்குமா? சலித்துவிடாதா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, என் ஓட்டு உங்கள் கணவருக்குத்தான். மூன்று ஊர் என்றால் பெட்டி கட்டுவதும் துறைமுகத்தில் காத்திருப்பதுமாகவே பாதிப் பயணம் கரைந்துவிடும். இத்தனை ஆண்டு வேலை பார்த்தவர் உட்கார ஆசைப்படுகிறார், உட்காரட்டும்.

நான் சொல்லும் ஊர் கிமோலோஸ். மிலோஸ் தீவை ஒட்டிய சின்னத் தீவு. மிலோஸில் உள்ள பொலோனியாவிலிருந்து படகில் அரை மணி நேரம்தான். கிரேக்கர்கள் சாக்பீஸைக் 'கிமோலியா' என்கிறார்கள். இந்தத் தீவின் வெள்ளை மண்ணிலிருந்து வந்த பெயர் அது. துறையை அடுத்த கூப்பா என்ற கரையில், பாறையைக் குடைந்து படகுக் கொட்டில்கள் அமைத்திருக்கிறார்கள். 'சிர்மா' என்று பெயர். கதவு ஒன்று நீலம், அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது பச்சை. குளிர்காலக் காற்று வருமுன் படகை இழுத்து உள்ளே ஏற்றிவிடுவார்கள். இத்தகைய கரைகளில் காலை வேளையில் போய் நில்லுங்கள். மஞ்சள் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்ணை ஒவ்வொன்றாக முடிகிற முதியவர் யாராவது இருப்பார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

முதல் இரண்டு நாள் உங்களுக்குக் கை ஒடிந்தாற்போல் இருக்கும். அதை மறைக்க மாட்டேன். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துவரை ஊரே கதவடைத்துத் தூங்கும், நீங்களும் தூங்குங்கள். மாலையில் மேட்டில் இருக்கும் ஹோரியோ ஊருக்கு நடந்து போங்கள். வீடுகளின் பின்சுவரே மதிலாக அமைந்த பழைய கோட்டைக் குடியிருப்பு அங்கே இருக்கிறது. ஒரு நாளை மிலோஸுக்கு ஒதுக்குங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கும் வீனஸ் சிலை 1820இல் கிடைத்தது அங்கேதான், திரிபித்தி என்ற ஊருக்கருகில்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். கிமோலோஸுக்கே உரியது 'லாதேனியா': தக்காளியும் வெங்காயமும் பரப்பி, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிச் சுட்ட ரொட்டி. 'ஃபாவா' என்பது மஞ்சள் பருப்பு மசியல், மேலே பச்சை வெங்காயத் துண்டு. நம் வீட்டுப் பருப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. வேகவைத்த கீரைக்கு 'ஹோர்தா' என்று கேளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: 'நிஸ்தீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு. சைவம் என்று நம்பிவிடாதீர்கள். அவர்கள் விரதத்தில் கணவாய்க்கும் இறாலுக்கும் இடம் உண்டு. அடைத்த தக்காளியிலும் சில இடங்களில் கொத்துக்கறி இருக்கும். "ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி" (கறி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு: மீனுக்கு விலை கிலோ கணக்கில். எடை போட்டுத் தொகையைக் கேட்ட பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்லட்டும்.

செப்டம்பர் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தெமி' என்ற வடகாற்று பேயாக வீசும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு அறையும் கிடைக்காது. செப்டம்பரில் கூட்டம் வடிந்திருக்கும், கடல் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் அப்போதும் காற்று மிகுந்தால் கப்பலை விட மாட்டார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் வரை தீவிலேயே இருந்துவிடாதீர்கள். கடைசி இரண்டு இரவு ஏதென்ஸில் இருக்கட்டும். பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றும் பார்த்ததாக ஆகும், உங்கள் அட்டவணையில் ஒன்று நிறைவேறியதாகவும் ஆகும்.

கிரேக்கம் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு கிடைப்பது கடினம், ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள்.