ரீகன் ஆட்சி: பேச்சை விடுங்கள், உத்தரவைப் பாருங்கள் (கேள்வி பதில்)

ரொனால்ட் ரீகன் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த 1981 முதல் 1989 வரையிலான காலத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். நான் ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவன், தொழிற்சங்கக்காரன். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை முப்பது வருடமாகப் படித்து வருகிறேன். அந்த ஆட்சி உழைக்கிற மக்களுக்குக் கெடுதல் செய்தது என்பது என் முடிவு. 1981ல் விமானக் கட்டுப்பாட்டாளர்களை டிஸ்மிஸ் செய்ததையும் அந்தக் கெடுதல்களில் ஒன்றாகவே சொல்லி வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ரீகன் நன்றாகப் பேசுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சை வைத்து எடைபோடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டார் என்று பாருங்கள்.

திருச்சி, கல்லூரி மாணவி: வரியைக் குறைத்ததால் அரசின் வருமானம் கூடியது என்று எங்கள் பொருளாதார வகுப்பில் சொன்னார்கள். உண்மையா, ஐயா?

இல்லை, அம்மா. 1981 ஆகஸ்ட் 13 அன்று கலிஃபோர்னியாவில் தன் பண்ணை வீட்டில் உட்கார்ந்து ரீகன் வரிக்குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிகப் பெரிய பணக்காரர்களுக்கான வருமான வரி விகிதம் 70 சதவீதத்திலிருந்து 50க்கு இறங்கியது. 1986 சட்டத்துக்குப் பிறகு 28க்கு வந்தது. அதே 1986 சட்டம் அடிமட்ட விகிதத்தை 11லிருந்து 15க்கு ஏற்றியது. மிகவும் ஏழையான பல லட்சம் பேரை அந்தச் சட்டம் வரிப் பட்டியலிலிருந்தே விடுவித்ததும் உண்மை, அதையும் சொல்ல வேண்டும்.

டாலர் கணக்கில் வருமானம் கூடத்தான் செய்யும். விலைவாசி ஏறுகிறது, மக்கள்தொகை கூடுகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் எத்தனை பங்கு வரியாக வந்தது என்று பார்க்க வேண்டும். 1981ல் 19 சதவீதத்துக்குச் சற்று மேல். 1984ல் 17க்குச் சற்றுக் கீழ். பள்ளம் தெரிந்ததும் 1982லேயே வரியைத் திரும்ப உயர்த்தினார்கள். 1983ல் சமூகப் பாதுகாப்பு நிதிக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் உயர்த்தினார்கள். இந்த இரண்டாவது வரி கூலி வாங்குகிறவன் தலையில்தான் விழும். முதலாளியின் முதலீட்டு லாபத்தை அது தொடாது. பதவியேற்றபோது ஒரு லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த அரசுக் கடன், அவர் போகும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு.

அவருடைய பட்ஜெட் இயக்குநர் டேவிட் ஸ்டாக்மன் 1981லேயே ஒரு பத்திரிகையாளரிடம் ஒத்துக்கொண்டார்: எல்லோருக்கும் வரிக்குறைப்பு என்று சொன்னதே, மேல்தட்டு விகிதத்தை இறக்குவதற்கான ட்ரோஜன் குதிரைதான், அதாவது உள்நோக்கத்தை மறைக்கும் வெளிவேஷம்தான் என்று. உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

சேலம்: ரீகனும் நடிகர், எம்.ஜி.ஆரும் நடிகர். ஒப்பிட முடியுமா?

சினிமா என் துறை இல்லை.

கோயம்புத்தூர், சிறுதொழில் நடத்துபவர்: 1981ல் விமானக் கட்டுப்பாட்டாளர்களை டிஸ்மிஸ் செய்ததைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். மத்திய அரசு ஊழியர் ஸ்டிரைக் செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டத்தை மீறினார்கள், வேலை போனது. அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

நல்ல கேள்வி. விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சங்கத்தின் பெயர் பாட்கோ. 1981 ஆகஸ்ட் 3 காலையில் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை, சீக்கிரம் ஓய்வுபெறும் வசதி ஆகியவை கோரிக்கைகள். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே நூற்றுக்கணக்கான உயிர்களை ஒரே நேரத்தில் கையாளுகிற வேலை அது. உடம்பு தாங்காமல் பாதியில் விட்டுப் போனவர்கள் ஏராளம். அன்றே ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார். ஆகஸ்ட் 5 அன்று 11,345 பேர் வேலைநீக்கம். விமானக் கட்டுப்பாட்டு வேலைக்குத் திரும்ப வர முடியாதபடி தடை. அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமும் ரத்து.

இப்போது இன்னொரு தேதி. 1980 அக்டோபர் 20. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ரீகன் பாட்கோ தலைவருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் ஆட்களின் நிலைமை மோசமாக இருப்பது தெரியும், நவீன கருவிகள் வாங்கித் தருவேன், ஆள் எண்ணிக்கையையும் வேலை நாட்களையும் சரிசெய்வேன் என்று வாக்குறுதி. அதை நம்பிப் பாட்கோ அவரை ஆதரித்தது. பெரும்பாலான சங்கங்கள் அப்போதைய ஜனாதிபதி கார்ட்டர் பக்கம் நின்றபோது இவர்கள் ரீகன் பக்கம் நின்றார்கள். பத்தே மாதத்தில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டீர்கள். 1970 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கத் தபால் ஊழியர்கள், சுமார் இரண்டு லட்சம் பேர், வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே தடைச் சட்டம்தான். அப்போதைய ஜனாதிபதி நிக்சனும் குடியரசுக் கட்சிக்காரர்தான். அவர் நியூயார்க்கில் தபால் பிரிக்க ராணுவத்தையே இறக்கினார். ஆனால் பேச்சுவார்த்தையும் நடத்தினார். ஊதியம் உயர்ந்தது, தபால் துறையே திருத்தி அமைக்கப்பட்டது, யாரும் டிஸ்மிஸ் ஆகவில்லை. தபால் பிரிக்கிற வேலையை ஒரு சிப்பாய் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அது நிக்சனுக்கும் தெரிந்துவிட்டது. எந்தச் சட்டத்தை எவ்வளவு கடுமையாக நடத்துவது என்பது அரசு எடுக்கும் முடிவு. 1981ல் எடுத்த முடிவுக்கு ரீகன்தான் பொறுப்பு.

மதுரை: எய்ட்ஸ் விஷயத்தில் ரீகன் அரசு சும்மா இருந்தது என்கிறார்களே?

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் முதல் நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ரீகன் பொது இடத்தில் அந்த நோயைப் பற்றி வாய் திறந்தது 1985 செப்டம்பரில், அதுவும் நிருபர் கேட்ட கேள்விக்குப் பதிலாக. அதைப் பற்றியே ஒரு முழு உரை நிகழ்த்தியது 1987 மே 31 அன்று. அதற்குள் 20,000க்கும் அதிகமான அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். 1982ல் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு நிருபர் கேட்டபோது, செய்தித் தொடர்பாளர் கேலி பேச, அறையே சிரித்தது. அந்தப் பதிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருவரைப் பாராட்ட வேண்டும். தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப். பழமைவாதி, ரீகனே நியமித்தவர். அவர் 1986ல் வெளிப்படையான அறிக்கை எழுதினார், 1988ல் நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கக் கையேடு அனுப்ப வைத்தார். அதே ஆட்சிக்குள் இருந்துகொண்டே நேர்மையாக நடந்துகொள்ள முடிந்தது என்பதற்கு அவர் சாட்சி.

ஈரோடு: நடிகர் எப்படி ஜனாதிபதி ஆனார்?

மேலே பாருங்கள். நடுவில் எட்டு வருடம் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தார்.

கோயம்புத்தூர் (மறுபடி): நிக்சன் பணிந்தார், ரீகன் உறுதியாக நின்றார், அவ்வளவுதானே? 13,000 பேர் நாட்டையே நிறுத்திவிடலாம் என்றால் அரசு எதற்கு? நானும் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பவன். என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் இதில் கெட்டுப்போனது அந்த 11,000 பேர் மட்டும் இல்லை.

வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குப் பதில் நிரந்தரமாகவே வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938லேயே சொல்லியிருந்தது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் அதை அதிகம் கையாளவில்லை. கருங்காலிகளை வைத்து ஆலை நடத்துவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் இருந்தது. ஜனாதிபதியே செய்து காட்டிய பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. 1983ல் அரிசோனாவில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் செப்புச் சுரங்கத்திலும், 1985ல் மின்னசோட்டாவில் ஹார்மெல் இறைச்சி ஆலையிலும் அதுதான் நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த வேலைநிறுத்தங்கள் 1970களில் சராசரியாக ஆண்டுக்கு 280க்கும் அதிகம். 1988ல் வெறும் 40. கோரிக்கை தீர்ந்து போனதாலா குறைந்தது? குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர் என்று 1981 ஜனவரியில் வைத்தது, ரீகன் பதவியில் இருந்த எட்டு வருடமும் ஒரு சென்ட் கூட ஏறவில்லை. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

திருச்சி பொன்மலை, ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி: தோழர், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கோவைக்காரருக்கு நான் சொல்கிறேன். 1974 ரயில்வே ஸ்டிரைக்கில் என் வேலை போய், மூன்று வருடம் கழித்துத் திரும்ப வந்தது. வீட்டில் அடுப்பு எரியாத நாள் எத்தனை என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். 'சட்டப்படி' என்ற ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது.

தோழர், நீங்கள் எழுதியதே போதும், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கோயம்புத்தூர்: 2003ல் தமிழ்நாட்டில் ஒரே உத்தரவில் ஒன்றே முக்கால் லட்சம் பேரை டிஸ்மிஸ் செய்தார்களே, உச்ச நீதிமன்றமே வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று சொன்னதே. அப்போது அதுவும் தவறா?

அதுவும் தவறு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே சில வாரங்களிலேயே பெரும்பாலானோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அங்கே அந்தத் தடை பன்னிரண்டு வருடம் நீடித்தது. இதற்கு மேல் இங்கே தமிழ்நாட்டு அரசியலுக்குள் போக வேண்டாம், கேள்வி ரீகனைப் பற்றியது.

விழுப்புரம்: பள்ளிக்கூடச் சாப்பாட்டில் கெட்சப்பைக் காய்கறி என்று சொன்னாராமே?

1981 செப்டம்பரில் வேளாண் துறை ஒரு வரைவு விதி போட்டது. பள்ளி உணவு மானியத்தை வெட்டியதால், எதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாம் என்று தளர்த்தப் பார்த்தார்கள். கெட்சப் என்ற சொல் அதில் இல்லை, ஊறுகாய் மாதிரியான தொடுகறிகள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். கெட்சப் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மானிய வெட்டு நிலைத்துவிட்டது, அதுதான் பலருக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூர்: என் மகன் மாற்றுத்திறனாளி. ரீகன் அரசு அப்படிப்பட்டவர்களின் உதவித்தொகையை நிறுத்தியது என்று எங்கோ படித்தேன். சற்று விளக்குவீர்களா?

விளக்குகிறேன், ஐயா. எனக்கு மிகவும் வலித்த பகுதி இது.

உடல் முடியாமல் உதவித்தொகை வாங்குகிறவர்களை அவ்வப்போது மறு ஆய்வு செய்ய வேண்டும் என்ற சட்டம் கார்ட்டர் காலத்தில், 1980ல் வந்தது. 1982 ஜனவரியில் தொடங்க வேண்டியது. ரீகன் அரசு அதை 1981 மார்ச்சிலேயே தொடங்கி வேகத்தையும் கூட்டியது, பணம் மிச்சம் பிடிக்க. காகிதத்தைப் பார்த்தே 'உனக்கு வேலை செய்ய முடியும்' என்று எழுதி அனுப்பினார்கள். மனநோயாளிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதக் கூட முடியாதவர்கள் அவர்கள். 1984 வரையில் சுமார் 4,90,000 பேரின் பெயர் நீக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சுமார் இரண்டு லட்சம் பேருக்குத் திரும்பக் கிடைத்தது. அப்படியென்றால் அவர்களை நீக்கியதே தவறு என்று அரசின் சொந்த நடுவர்களே சொல்லிவிட்டார்கள். நீதிமன்றங்கள் கண்டித்தன. பல மாநில ஆளுநர்கள் இந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று மறுத்தார்கள். கடைசியில் 1984ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு எதிர் ஓட்டு கூட இல்லாமல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. ரீகன் கட்சியினரும் சேர்ந்தே ஓட்டுப் போட்டார்கள். ஒரு ஆட்சி எவ்வளவு தூரம் போயிருந்தால் சொந்தக் கட்சியில் ஒருவர் கூட ஆதரவாகக் கை தூக்காமல் போவார்கள், நினைத்துப் பாருங்கள்.

நாகர்கோவில்: பனிப்போரை முடித்தது ரீகன்தானே?

வெளியுறவு பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவுடன் போட்ட நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் நல்ல காரியம், அதை முழு மனதோடு சொல்கிறேன்.

வேலூர்: ஈரான்-கான்ட்ரா விவகாரம்?

நிகராகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்கு ராணுவ உதவி கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வெள்ளை மாளிகை அதிகாரிகள் கான்ட்ராவுக்குத் திருப்பிவிட்டார்கள். 1986 நவம்பரில் வெளியே வந்தது. பாதுகாப்புச் செயலராக இருந்த வைன்பெர்கர் உட்பட ஆறு பேருக்கு 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜனாதிபதி புஷ் மன்னிப்பு வழங்கினார். கோவை நண்பரே, சட்டத்தை மீறியவனுக்கு வேலை போகத்தான் வேண்டும் என்றீர்களே, இந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்: அவர் நடித்த படங்களில் எது நல்லது?

நான்காவது முறையாக இதே மாதிரி கேள்வி வந்திருக்கிறது (ஒன்றை நான் போடவே இல்லை). தயவுசெய்து போதும். ஆனால் சினிமாவையும் இந்த விஷயத்தையும் இணைக்கிற ஒன்று உண்டு. ரீகன் திரைப்பட நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1960ல் ஸ்டுடியோக்களை எதிர்த்து நடிகர்களின் வேலைநிறுத்தத்தை அவரே தலைமையேற்று நடத்தி, ஓய்வூதிய நிதியும் மருத்துவ வசதியும் வாங்கிக் கொடுத்தார். சங்கம் என்றால் என்ன என்று தெரியாதவர் எடுத்த முடிவு இல்லை 1981 ஆகஸ்ட் 5.

கோயம்புத்தூர்: சரி, கடைசியாக ஒன்று. சண்டைக்காகக் கேட்கவில்லை. அந்த 11,000 பேரும் அப்புறம் என்ன ஆனார்கள்? அவர்கள் இடத்தில் வந்தவர்கள் ஒழுங்காக வேலை செய்தார்கள்தானே?

கேட்டதற்கு நன்றி, நண்பரே. தடையை 1993 ஆகஸ்ட்டில் கிளிண்டன் நீக்கினார். அதற்குள் பலருக்கு வயதாகிவிட்டது. திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் சில நூறு பேர்தான்.

அவர்கள் இடத்தில் வந்தவர்கள் நன்றாகத்தான் வேலை செய்தார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறையால் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, கட்டாய ஓவர்டைம், பழைய கருவிகள், மேலதிகாரிகளின் அதட்டல் எல்லாம் அப்படியே இருந்தன. 1987 ஜூனில் அவர்களே ஓட்டெடுப்பு நடத்தி, பெரும்பான்மையாக ஒரு புதிய சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அப்போதும் ரீகன்தான் ஜனாதிபதி.