10 − 4 + 3 என்பது 9 ஆ, 3 ஆ? சமன்பாட்டைத் தீர்க்கும்போது வரிசை ஏன் தலைகீழாகிறது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. ஒரு கணக்கில் எந்தச் செயலை முதலில் செய்வது என்று சொல்லும் போட்மாஸ் (BODMAS) வரிசையில் கூட்டல் கழித்தலுக்கு முன்னால் நிற்கிறதே, அப்படியானால் 10 − 4 + 3 என்பதில் 4-ஐயும் 3-ஐயும் முதலில் கூட்டிவிட்டு 3 என்று சொல்லலாமா? சமன்பாட்டில் மட்டும் கூட்டலையும் கழித்தலையும் முதலில் நீக்குவது ஏன்? கூடவே (எ ÷ 4 − 2) × 3 = 15 என்ற கணக்கில் சிக்கிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எ என்பது நாம் தேடும் எண்.

முதல் கணக்கின் விடை 9. பள்ளியில் 3 என்று எழுதி நானும் மதிப்பெண் இழந்திருக்கிறேன். போட்மாஸ் என்ற சுருக்கச் சொல்லை அப்படியே நம்பியதுதான் காரணம். ஒரு சொல்லின் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தானே எழுத முடியும்? அதனால் சமமானவையும் முன்பின்னாக நிற்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் படிகள் நான்கே: அடைப்புக்குறி, அடுக்கு, பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து ஒரு படி, கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரு படி. ஒரே படியில் இருப்பவற்றை இடமிருந்து வலமாகச் செய்கிறோம். 10-இல் 4 போனால் 6, அதோடு 3 சேர்ந்தால் 9.

இரண்டும் ஏன் ஒரே படியில் இருக்கின்றன? 4-ஐக் கழிப்பதும் −4-ஐக் கூட்டுவதும் ஒன்றே என்பதால்தான். 10 + (−4) + 3 என்று எழுதிவிட்டால் எந்த இரண்டை முதலில் கூட்டினாலும் 9 தான் வரும். கழித்தல் குறி தன் வலப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் எண்ணுக்கு மட்டுமே சொந்தம். 3 என்று விடை சொல்பவர் தம்மை அறியாமலே 10 − (4 + 3) என்று ஓர் அடைப்புக்குறியைப் போட்டுவிடுகிறார். வகுத்தலின் கதையும் இதுவே. 3-ஆல் வகுப்பது மூன்றில் ஒன்றால் பெருக்குவது. ஆகவே 12 ÷ 3 × 2 என்பது 8, 2 அல்ல.

பெருக்கல் கூட்டலுக்கு முந்துவது இயற்கை விதி அல்ல, எழுதும் மரபு. ஆனால் பொருளுள்ள மரபு. 3 × 4 என்பது மூன்று நான்குகளின் கூட்டலைச் சுருக்கி எழுதியது. 2 + 3 × 4-ஐ விரித்தால் 2 + 4 + 4 + 4, அதாவது 14. சாதாரணக் கால்குலேட்டர் ஒன்றில் இதையே தட்டினால் 20 காட்டக்கூடும். அது பொத்தானை அழுத்த அழுத்தவே கணக்கிட்டுக்கொண்டு போகிறது, பின்னால் பெருக்கல் வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது.

இணையத்தில் அடிக்கடி சுற்றும் 8 ÷ 2(2 + 2) போன்ற புதிர்களுக்கு 1 என்றும் 16 என்றும் இரு கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். என் தீர்ப்பில் குற்றம் கணக்கை எழுதியவருடையது. பின்னமாக எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை. கணிதக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 80000-2 தரநிலையும் ÷ குறியைத் தவிர்க்கவே சொல்கிறது. (இந்தப் பதிலில் நானே அதைப் பயன்படுத்துகிறேன், பழக்கம் விடவில்லை.)

இனி இரண்டாவது கேள்வி. 3 × எ + 5 = 26 என்பதை எ என்ற எண்ணுக்கு நேர்ந்த கதையாகப் படியுங்கள். முதலில் அது 3-ஆல் பெருக்கப்பட்டது, பிறகு 5 கூட்டப்பட்டது. பொட்டலம் கட்டும்போது காகிதத்தைச் சுற்றிய பிறகு நூலைக் கட்டுகிறோம். பிரிக்கும்போது நூல்தான் முதலில் அவிழ வேண்டும். இங்கே கடைசியாக நடந்தது கூட்டல். அதை முதலில் அவிழ்த்தால் 26 − 5 = 21. பிறகு 21 ÷ 3 = 7.

இதிலிருந்து ‘கூட்டல், கழித்தலைத்தான் முதலில் நீக்க வேண்டும்’ என்று புதிதாக ஒரு விதியை மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 3 × (எ + 5) = 36 என்று இருந்தால் கடைசியாக நடந்தது பெருக்கல்; ஆகவே வகுத்தல்தான் முதலில். எ + 5 = 12, எ = 7. அடைப்புக்குறி கட்டும் வரிசையை மாற்றியது, அவிழ்க்கும் வரிசையும் தானாக மாறியது.

முதல் சமன்பாட்டிலேயே வகுத்தலை முதலில் செய்தால் தவறா? தவறில்லை, ஆனால் 5-ஐயும் சேர்த்து வகுக்க வேண்டும்: எ + 5/3 = 26/3. அப்போதும் 7 தான் வரும், பின்னங்களோடு மல்லுக்கட்டிய பிறகு. பலர் 3 × எ-ஐயும் 26-ஐயும் மட்டும் வகுத்துவிட்டு 5-ஐ மறந்துவிடுகிறார்கள். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற வகுப்பறை வாசகத்தின் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. இருபுறமும் ஒரே செயலைச் செய்கிறோம், அவ்வளவுதான்.

இந்த அவிழ்க்கும் முறை பழையது. பெருக்கியது வகுத்தலாகும், வகுத்தது பெருக்கலாகும், கூட்டியது கழித்தலாகும், கழித்தது கூட்டலாகும் என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டை ஒட்டியே ஒரு செய்யுளில் சொல்லிவிட்டார்.

நேர்மாறு எது என்பதில் ஏமாறவும் வாய்ப்புண்டு. 100-ஐ 25 விழுக்காடு கூட்டினால் 125; அதை 25 விழுக்காடு குறைத்தால் 93.75 தான், 100 அல்ல. 1.25-ஆல் பெருக்கியதை அவிழ்ப்பது 1.25-ஆல் வகுப்பது, அது 20 விழுக்காடு குறைப்பதற்குச் சமம். 0-ஆல் பெருக்கியதையோ அவிழ்க்கவே முடியாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் 0 தான் மிஞ்சுகிறது, வந்த வழியின் தடமே இல்லை. 0-ஆல் வகுக்கக் கூடாது என்பதன் காரணமும் அதுவே.

உங்கள் கணக்கில் எ முதலில் 4-ஆல் வகுபட்டது, பிறகு 2 குறைந்தது, கடைசியில் 3-ஆல் பெருகி 15 ஆனது. பின்னோக்கி வாருங்கள்: 15 ÷ 3 = 5, 5 + 2 = 7, 7 × 4 = 28. சரிபார்க்க 28-ஐ அதே வழியில் முன்னோக்கி அனுப்பினால் 7, 5, 15.