தானாகக் குனியும் தலை

வணக்கம் ஐயா,

ஐந்தாறு வருடங்களாகத் தியானம் செய்து வருகிறேன். பத்து நாள் மௌன முகாமுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். மூச்சைக் கவனிப்பதும் எண்ணங்களை விலகி நின்று பார்ப்பதும் ஓரளவு பழகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஆபீஸ் கணக்கு மனதில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சமீபத்தில் யூதர்களிடமும் ஒரு தியான மரபு உண்டு என்று வாசித்து ஆச்சரியப்பட்டேன். யூதம் என்றால் சட்டம், விலக்கு, சாப்பாட்டு விதி, அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து வேகமாக முணுமுணுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே தனிமனிதனின் அகப்பயிற்சிக்கு உண்மையிலேயே இடம் உண்டா? பிரார்த்தனை என்பது வேண்டுவது, தியானம் என்பது வேண்டுவதையே நிறுத்துவது. இரண்டும் எதிரெதிர் அல்லவா? ஹீப்ரு தெரியாத, யூதனல்லாத ஒருவன் அதை முயன்று பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதிரெதிரா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில், ஈசாக்கை மணக்க ரெபெக்காள் ஒட்டகத்தில் வந்து சேரும் மாலையில் அவன் எங்கே இருந்தான்? 'தியானம்பண்ண சாயங்காலவேளையில் வெளியிலே' போயிருந்தான் என்கிறது பழைய தமிழ் பைபிள். இந்தத் 'தியானம்பண்ண' உள்ள இடத்தில் ஹீப்ருவில் ஓர் அபூர்வமான வினைச்சொல் இருக்கிறது. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்முத்தின் அறிஞர்கள், அதாவது ரபிகள், அதை 'சீஹா' என்ற சொல்லோடு சேர்த்துப் பொருள் கொண்டார்கள். சீஹா என்றால் பேச்சு. ஈசாக்கு வயலில் பேசிக்கொண்டிருந்தான், அந்தப் பேச்சு பிரார்த்தனை, ஆகவே பிற்பகல் தொழுகையை ஏற்படுத்தியவன் அவனே என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். தமிழில் பெயர்த்தவர்களுக்குத் தியானம், ரபிகளுக்குத் தொழுகை, சொல்லின் நேர்ப்பொருள் பேச்சு. நீங்கள் எதிரெதிராக வைக்கும் இரண்டும் அங்கே ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

புத்தகத்தைப் பார்த்து முணுமுணுப்பது பற்றி. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'அமிதா'வாக இருக்கும். 'நிற்றல்' என்று பொருள். நாளுக்கு மூன்று வேளை, எருசலேம் இருக்கும் திசை நோக்கி, பாதங்களைச் சேர்த்துவைத்து நின்று சொல்வது. பதினெட்டு என்று பெயர், எண்ணினால் பத்தொன்பது வாழ்த்துகள். தொடங்கும்போது மூன்றடி முன்னே, முடிந்ததும் மூன்றடி பின்னே, அரசனின் முன்னால் போய்வருவதுபோல. உதடு அசையவேண்டும், பக்கத்தில் நிற்பவனுக்குச் சத்தம் கேட்கக்கூடாது. இந்த விதியைச் சட்டமேதை எவரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தார்கள். பைபிளில் பிள்ளையில்லாத அன்னாள் சீலோவின் ஆலயத்தில் அழுதுகொண்டு நிற்கிறாள். 'அவளுடைய உதடுகள்மாத்திரம் அசைந்தது, அவள் சத்தமோ கேட்கப்படவில்லை.' ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறான். மதுபானம் ஒன்றும் குடிக்கவில்லை, என் இருதயத்தைத்தான் ஊற்றிவிட்டேன் என்கிறாள் அவள். கோயில் அதிகாரியின் கண்ணுக்குக் குடிகாரியாகத் தெரிந்தவளையே பிரார்த்தனையின் இலக்கணமாக்கியது அந்த மரபு. சட்டம், விலக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சட்டத்தின் அடியில் கிடப்பது இது.

ஆனாலும் உங்கள் சந்தேகம் அவர்களுக்கே உள்ள பழைய சந்தேகம்தான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொற்கள் இரண்டு. 'கேவா' என்றால் நிலைத்தது: குறித்த நேரம், குறித்த சொல். 'கவ்வானா' என்றால் மனதை ஒரு திசையில் திருப்புவது. கேவாவாகிப்போன பிரார்த்தனை மன்றாட்டே அல்ல என்று ரபி எலியேசர், தல்முத்துக்கு அடிப்படையான பழைய சட்டநூலாகிய மிஷ்னாவில் சொல்கிறார். அதே மிஷ்னாவில், அந்தக் காலத்துப் பக்தர்கள் பிரார்த்தனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பார்கள் என்றும் வருகிறது. பிரார்த்தனைக்கு ஒரு மணி, பிற்பாடு காத்திருக்க ஒரு மணி என்று தல்முத் கூட்டிக்கொள்கிறது. ஒரு வேளைக்கு மூன்று மணி, மூன்று வேளைக்கு ஒன்பது மணி. அப்படியானால் பிழைப்பை எப்போது பார்த்தார்கள் என்ற கேள்வியையும் தல்முத்தே கேட்கிறது. பக்தர்களாக இருந்ததால் வேலை ஆசீர்வதிக்கப்பட்டது என்று ஒரு பதில். எனக்கு அந்தப் பதிலைவிடக் கேள்வி பிடிக்கும்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த மைமோனிடிஸ் தன் சட்டத்தொகுப்பில் கறாராக எழுதினார்: கவ்வானா இல்லாமல் சொன்னது பிரார்த்தனை ஆகாது, திரும்பச் சொல்லவேண்டும். மனம் கலங்கியிருந்தால் தெளியும்வரை சொல்லவே கூடாது. சுமையைத் தூக்கிவந்தவன் தொப்பென்று போட்டுவிட்டு நடையைக் கட்டுவதுபோல முடிக்கக்கூடாது, முன்னும் பின்னும் சற்று உட்காரவேண்டும். நானூறு வருடம் கழித்துப் போலந்தின் கிராக்கோவில் மோஷே இசர்லெஸ் என்ற சட்ட அறிஞர் ஒரு குறிப்புச் சேர்த்தார். கவ்வானா தவறியதற்காக இப்போதெல்லாம் நாம் திரும்பச் சொல்வதில்லை, இரண்டாம் தடவையும் இருக்கப்போவதில்லை என்பதால். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நேர்மையான வரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் ஆபீஸ் கணக்குக்கு வருகிறேன். எருசலேம் தல்முத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. கலிலேயாவில் சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட நூல் அது. ரபி ஹியா சொல்கிறார்: என் வாழ்நாளில் நான் மனம் ஒன்றிப் பிரார்த்தித்ததே இல்லை. ஒரே ஒருமுறை முயன்றேன். அரசன் முன்னால் முதலில் போவது யார், பாரசீகப் பெரிய அதிகாரியா, நம் யூதத் தலைவரா என்று யோசித்துக்கொண்டிருந்துவிட்டேன். ஷமுவேல் சொல்கிறார்: நான் பறவைக் குஞ்சுகளை எண்ணினேன். ரபி பூன் பார் ஹியா சொல்கிறார்: நான் கட்டடத்தின் கல்வரிசைகளை எண்ணினேன். கடைசியாக ரபி மத்தன்யா: என் தலைக்கு நான் நன்றி சொல்கிறேன், நன்றி சொல்லும் வாழ்த்து வந்ததும் அது தானாகவே குனிந்துவிடுகிறது.

இவர்கள் சாமானியர்கள் அல்லர். யூதச் சட்டத்தின் தூண்கள். ஒருவராவது வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை, ஏதாவது உத்தி சொல்லித் திருத்திக்கொண்டதாகவும் இல்லை. பாராட்டு வாங்குவது மத்தன்யாவின் தலை. மனம் எங்கோ குஞ்சு எண்ணிக்கொண்டிருக்கும்போது உடம்பு மட்டும் இடம் தவறாமல் குனிகிறது. மூன்று வேளை, பல வருடங்கள் என்று பழகிய உடம்பு. கேவாவை இயந்திரத்தனம் என்று நாம் இழிவாகச் சொல்கிறோம். மனம் வராத நாளிலும் ஆளைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவது அதுதான். உங்களுடைய பத்தாவது நிமிடத்துக் கணக்கும் அப்படியொன்றும் கேவலமானதல்ல என்று தோன்றுகிறது.

மௌனமாக எண்ணத்தைக் கவனிக்கும் முறை அங்கே அறவே இல்லையா என்றால், இருக்கிறது. வார்சாவில் இருந்த, ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குரு கலோனிமஸ் கல்மன் ஷபிரா தன் மாணவர்களுக்கு 'ஹஷ்காத்தா' என்ற பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். அமைதியாக்குதல் என்று பொருள். உட்கார்ந்து, சிறிது நேரம் தன் எண்ணங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓட்டம் மெல்ல அடங்கும். இதுவரை உங்கள் முகாமில் சொல்லியதுதான். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. அடங்கிய இடத்தில் ஒரு வசனத்தை, ஒரு விருப்பத்தை வைக்கச் சொல்கிறார், 'உமது வழியை எனக்குப் போதியும்' என்பதுபோல. அமைதி அவருக்குப் படிக்கட்டு. ஏறிப்போய் யாரிடமோ பேசவேண்டும். யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் ஷபிரா தான் ஆற்றிய உரைகளை எழுதிப் புதைத்துவைத்தார். 1943இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். போருக்குப்பின் அந்தக் காகிதங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன.

நீங்கள் வாசித்தது அனேகமாக 'ஹித்போதெதுத்' பற்றியதாக இருக்கும். 'தனியன்' என்ற வேரிலிருந்து வந்த சொல், தன்னைத் தனியனாக்கிக்கொள்ளுதல். இதை அன்றாடப் பயிற்சியாக முன்வைத்தவர் பிரெஸ்லாவின் ரெப்பே, அதாவது ஹசிதிய குரு, நாக்மன். 1772இல் உக்ரைனின் மெஜிபிஜ் ஊரில் பிறந்தவர், ஹசிதியத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரன். 1810இல் உமான் நகரத்தில் காசநோயில் இறந்தபோது வயது 38. அவருக்குப்பின் இன்னொரு ரெப்பேயைச் சீடர்கள் ஏற்கவில்லை. 'செத்த ஹசிதுகள்' என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். இன்றும் யூதப் புத்தாண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் உமானில் அவர் கல்லறைக்குப் போகிறார்கள்.

நாக்மன் சொன்னது எளிது. தினமும் ஒரு மணி நேரம், முடிந்தால் இரவில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், வயல்வெளி என்றால் இன்னும் நல்லது, தனியாகக் கடவுளிடம் வாய்விட்டுப் பேசு. புத்தகம் வேண்டாம். ஹீப்ருவும் வேண்டாம், அன்றாடம் பேசும் மொழியில் பேசு என்றார். அவர் சீடர்களின் வீட்டு மொழி யித்திஷ். புனித மொழியில் பேசிப் பழக்கமில்லை, அதனால் நெஞ்சு அதன் பின்னால் போகாது என்பது அவர் கூறும் காரணம். சந்தைக்கடனையும் பிள்ளையின் காய்ச்சலையும் பேசலாம், கடவுளை நெருங்க முடியவில்லையே என்பதையும் பேசலாம். வார்த்தை வரவில்லையா? 'ரிபோனோ ஷெல் ஓலாம்', உலகின் தலைவனே, என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல். அதுவும் வரவில்லையென்றால் பேச வந்து பேச முடியாமல் நிற்கிறேனே என்பதையே பேச்சாக்கு.

உங்கள் மௌனப் பயிற்சிக்கு இது நேர்த் தலைகீழ் என்று படும். கொஞ்சம் பொறுங்கள். இப்படிப் பேசிப்பேசி, தன் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கரைத்து, கடைசியில் 'நான்' என்பதே மிச்சமில்லாத இடத்துக்குப் போவதுதான் நோக்கம் என்றும் அவரே சொல்கிறார். ஆபீஸ் கணக்கு வந்தால் நீங்கள் அதைப் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்புகிறீர்கள். நாக்மன் அந்தக் கணக்கையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருப்பார். அலைகிற மனத்துக்கும் ஒரு வாயைக் கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். இன்னொரு எச்சரிக்கையும் அவரிடம் உண்டு, மனச்சோர்வை நன்றாக அறிந்த மனிதர் அவர். நெஞ்சு உடைவது வேறு, சோர்வு வேறு. உடைவதற்கு அந்த ஒரு மணி நேரம். மிச்ச நாள் முழுவதும் மகிழ்ச்சியாக இருக்கவேண்டும்.

யூதனல்லாதவன் செய்யலாமா? வாய்விட்டுப் பேசுவதற்கு எவரிடமும் அனுமதி வாங்கவேண்டியதில்லை. பைபிளின் சங்கீதப் பாடல்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் வேதவசனம் வைத்துத் தோல்வாரால் கட்டிக்கொள்ளும் சிறு பெட்டிகளான தெஃபிலினையும் தொழுகைச் சால்வையையும் இணையத்தில் வாங்கி அணிந்துகொள்ளாதீர்கள். அவை ஓர் உடன்படிக்கைக்குள் இருப்பவர்களின் கடமை. சிவப்புக் கயிறு கட்டி, 'கபாலா' என்ற யூத மறைஞானத்தை விற்கும் கடைகளைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன். 'தனிப்பட்ட ஆன்மிகம்' என்ற சொற்றொடரிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அமிதாவின் வேண்டுதல்கள் பன்மையில் இருக்கின்றன: எங்களைக் குணமாக்கு, எங்களை மன்னித்துவிடு. இறந்துபோன பெற்றவருக்காகச் சொல்லும் 'கதீஷ்' பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் கூடிவிட்டுப் பத்தாமவனுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில்தான் நாக்மனின் சீடனும் நின்றான், பிறகுதான் வயலுக்குப் போனான். கூட்டத்தை வெட்டிவிட்டு வயலை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் வருவது பாதிதான். பாதியே போதும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வயல் இல்லாததால் மொட்டைமாடி. ஒரு மணி நேரம் தாங்கவில்லை, இருபது நிமிடம். முதல் சிக்கல் எந்தத் தமிழ் என்பது. முதல் நாள் மேடைப்பேச்சுத் தமிழ் வந்தது, எனக்கே கூசியது. அடுத்த நாள் பைபிள் தமிழ். நான்காம் நாள்தான் "இந்த முட்டிவலி தாங்கல" என்று வீட்டுத் தமிழ் வந்தது, அதன்பின் நிற்கவில்லை. பக்கத்து மாடியில் துணி எடுக்க வரும் பெரியவர் ஒருநாள், "தினமும் போன்ல யாரு சார், வெளிநாட்டுல பையனா?" என்று கேட்டார். ஏலியின் காலத்தில் குடிகாரன் என்றிருப்பார், இப்போது காதில் ஒயர் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மூன்று வாரம் போனது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, மாடிக்குப் போவது நின்றது, மழை விட்டும் போகவில்லை. நாக்மனிடம் கேட்டால் நின்றுபோனதைப் பற்றியே பேசு என்பார். அதை இன்னும் பேசவில்லை.