கணவனும் மனைவியும் ஒரே ட்ரக்கில்: கையெழுத்துப் போட முதல் ஒரு கணக்கு

கேள்வி: அண்ணா, நாங்கள் ஸ்காபரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு 31 வயது, கனடா வந்து இரண்டரை வருடம், பிஆர் (நிரந்தர வதிவிடம்) தான், பாஸ்போர்ட் இலங்கை. கணவர் சிட்டிசன், மூன்று வருடமாக ஏஇசட் (பெரிய ட்ரக்) லைசன்ஸில் ஓடுகிறார். நான் பேக்கிங் ஃபேக்டரியில் மணிக்கு 19 டொலருக்கு வேலை செய்கிறேன். நானும் ஏஇசட் எடுத்தால் இருவரும் டீமாக, ஒரே ட்ரக்கை மாறி மாறி ஓட்டி அமெரிக்கா ஓடலாம், மைலுக்கு 72 சதம் என்று ஒரு கொம்பனி சொல்கிறது. ஆனால் எங்கள் பெயரில் கோர்ப்பரேஷன் (சொந்தக் கொம்பனி) திறந்து வரச் சொல்கிறார்கள். 15,000 கட்டினால் கிழமைக்கு 1,100 படி லீசில் ட்ரக்கும் தருவார்களாம். கையில் 38,000 இருக்கிறது. கார் கடன் 9,000, கோர்ஸுக்கு 8,500, மாதச் செலவு ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் 300-உம் சேர்த்து 3,200. இன்னும் பிள்ளை இல்லை, ஆனால் ஆசை இருக்கு. இறங்கலாமா?

பதில்: இறங்கலாம் தங்கச்சி, ஆனால் ட்ரக்கையும் கோர்ப்பரேஷனையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இருவரும் டி4 (வருடச் சம்பளச் சீட்டு) வாங்கும் சம்பள ஆட்களாகத்தான் முதல் ஒன்றிரண்டு வருடம் ஓட வேண்டும். அதற்கு ஒத்துவராத கொம்பனி என்றால் வேறு கொம்பனி பாருங்கள்.

முதலில் கோர்ஸ் காசைக் கட்ட முன்னம் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்போம். அவருக்கு விசா தேவையில்லை, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு எல்லை தாண்டும் உங்களுக்கு அமெரிக்க பி1 (தொழில் பயண) விசா வேண்டும். அது கைக்கு வராமல் 8,500-ஐக் கட்டிவிட்டு நின்றால் வன்கூவர், கல்கரி என்று கனடாவுக்குள்தான் லோட் கிடைக்கும். அதுவும் நல்ல ஓட்டம்தான், ஆனால் கொம்பனி சொன்ன கணக்கு அதுவல்ல. இன்னொன்று, சிட்டிசன்ஷிப்புக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் முழுதாகக் கழியும் நாட்கள் அதில் சேராது, கணவர் சிட்டிசனாக இருந்தாலும் சேராது. உங்களுக்கு இன்னும் ஆறு மாதமளவில்தான் குறைகிறது. அந்த நாட்களை ஃபேக்டரியில் இருந்தபடியே முடித்து, விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஓடப் போவதுதான் புத்தி என்பது என் அபிப்பிராயம். விசாவுக்கு அலையும் நேரமும் அதற்குள்ளேயே போய்விடும். ஒன்ராறியோவில் ஏஇசட் பயிற்சி குறைந்தது 103.5 மணித்தியாலம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் சேர முதல் அந்தக் கொம்பனியிடம் "புதுசாக லைசன்ஸ் எடுத்தவரை உங்கள் இன்சூரன்ஸ் ஏற்குமா" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் ஓம் என்று சொல்பவர்கள் நிறைய, பிறகு இன்சூரன்ஸ்காரர் இரண்டு வருட அனுபவம் கேட்பார்.

சரி, 72 சதத்துக்கு வருவோம். அது ட்ரக்குக்கா ஆளுக்கா என்று கேட்டீர்களா? டீம் விளம்பரங்களில் பெரும்பாலும் ட்ரக்குக்குத்தான், இருவரும் பாதியாகப் பிரிக்க வேண்டும். "இரண்டு பேர் என்றால் நாளுக்கு 22 மணித்தியாலம் வண்டி ஓடும்" என்பார்கள். அமெரிக்க விதிப்படி ஒருவர் 10 மணித்தியால ஓய்வுக்குப் பிறகு 11 மணித்தியாலம் ஓட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் எட்டு நாளில் 70 மணித்தியால வேலை என்ற இன்னொரு கட்டும் இருக்கிறது. இருவருக்கும் 140, எட்டால் பிரித்தால் நாளுக்கு 17.5, அதற்குள்ளேதான் எண்ணெய் அடிப்பது, ட்ரக்கைச் சோதிப்பது, லோட் ஏற்ற நிற்பது எல்லாம். நல்ல கிழமை 5,000 மைல் வரும், ஆனால் வரவு செலவை 4,000-இல் போடுங்கள். 72 சதப்படி 2,880, ஆளுக்கு 1,440. கிழமைக்கு 65 மணித்தியாலம் வேலை என்றால் மணிக்கு 22 டொலர் சொச்சம். இப்போது உங்களுக்கு 19. ஆக உங்கள் வருமானம் கூடுவதில் பெரும்பங்கு கூடுதல் மணித்தியாலத்தால்தான் வருகிறது, அதையும் ஓடும் வண்டியின் பேர்த்தில் குலுங்கிக் குலுங்கி நித்திரை கொண்டு உழைக்க வேண்டும். உழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, "இரட்டிப்பு வருமானம்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம் என்கிறேன்.

கோர்ப்பரேஷன் கதை இன்னும் மோசம். அவர்களுடைய ட்ரக், அவர்களுடைய டிஸ்பாச் (லோட் ஒதுக்குவது), அவர்களுக்கு மட்டுமே வேலை, ஆனால் காசோலை உங்கள் கொம்பனி பெயருக்கு. வரித் திணைக்களம் இதைப் பெயருக்குத்தான் கொம்பனி, உண்மையில் சம்பள வேலை என்று முடிவு செய்தால் சிறு வியாபாரச் சலுகை போய்விடும், ஒன்ராறியோவில் வரி வீதம் 44.5 சதவீதம். கையில் முழுக்காசு வருகிறதே என்று முதல் வருடம் சந்தோஷமாக இருக்கும், கடிதம் வருவது பிறகு. டிரைவரைப் பொய்யாகக் கொன்ட்ராக்டர் ஆக்குவதைக் கனடாத் தொழிற் சட்டமும் தடுக்கிறது, ஆகவே உங்களை அப்படி வரச் சொல்லும் கொம்பனி எதில் மிச்சம் பிடிக்கிறது என்று யோசியுங்கள்.

அப்படி வந்தால் சம்பள ஆட்களுக்குப் போல ஈஐ-உம் (வேலைக் காப்புறுதி) தானாக இல்லை. பிள்ளை ஆசை இருக்கு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் பெரிய விஷயம். டி4-இல் 600 மணித்தியாலம் சேர்ந்தால் மகப்பேற்றுக் கொடுப்பனவு 15 கிழமை, அதன்மேல் பெற்றோர் கொடுப்பனவும் எடுக்கலாம். அதோடு டீம் என்றால் ஒருவர் இறங்கினால் மற்றவருக்கும் டீம் ஓட்டம் இல்லை, அவர் தனி ஆளாக ஓட வேண்டும், மைல் குறையும். இரண்டு சம்பளமும் ஒரே வண்டியில் என்பதால் மற்றக் குடும்பங்களுக்கு மூன்று மாதச் செலவு கையில் போதும் என்றால், உங்களுக்கு நான் ஆறு மாதம் என்பேன்.

இப்போது லீஸ். கிழமைக்கு 1,100 என்றால் வருடத்துக்கு 57,200, வண்டி ஓடினாலும் நின்றாலும். டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி அடைத்து டாஷ்போர்டில் லைட் எரிந்து, வேகம் குறைந்து, ஒஹாயோவில் எங்கோ ஒரு மெக்கானிக் கடையில் மூன்று நாள் நிற்கும்போது அந்த மூன்று நாளும் இருவருக்குமே வருமானம் இல்லை, திருத்தக் காசும் உங்கள் தலையில். இரண்டு கிழமை தவணை தவறினால் 15,000 என்னவாகும், கொம்பனியை விட்டுப் போனால் ட்ரக் யாருக்கு என்ற வரிகளை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். 2022-க்குப் பிறகு லோட் விலை விழுந்தபோது முதலில் அடிபட்டவர்கள் கையில் சேமிப்பில்லாமல் ட்ரக் எடுத்தவர்கள்தான்.

உங்கள் 38,000-ஐ இப்படிப் பிரிப்பேன்: ஆறு மாதச் செலவு 19,200 தனியாக, டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாக் கணக்குக்குள் வட்டி வரும் சேமிப்பில், பங்குச் சந்தையில் வேண்டாம். கோர்ஸ் 8,500. கார் கடன் 9,000-ஐ அடைத்து விடுங்கள், ட்ரக்கில் வாழும் ஆட்களின் கார் கிழமைக்கணக்கில் யார்டில்தான் நிற்கும், அதற்கு வட்டி எதற்கு? மிச்சம் 1,300, விசாக் கட்டணத்துக்கும் கோர்ஸ் நாட்களில் குறையும் சம்பளத்துக்கும். இறுக்கம்தான், ஆனால் இன்னும் ஆறு மாதம் சம்பளம் வரும்தானே.

பேஸ்மென்டை விட்டுவிட்டு ட்ரக்கிலேயே இருந்தால் வாடகை மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம், இரண்டு கிழமை ஓட்டத்துக்குப் பிறகு கதவைச் சாத்திப் படுக்க ஒரு அறை இல்லாவிட்டால் சண்டை வரும், அந்தச் சண்டை 70 மைல் வேகத்தில் நடக்கும்.

வரியில் ஒரு நல்ல விஷயம், நெடுந்தூர ஓட்டுநருக்குச் சாப்பாட்டுச் செலவில் 80 சதவீதம் கழிக்கலாம், ரசீது வைக்காத முறையில் ஒரு வேளைக்கு 23 டொலர், நாளுக்கு மூன்று வேளை வரை. அதைக் கோரும் டிஎல்2 படிவத்தில் கொம்பனி கையெழுத்து வேண்டும், போன நாட்களையும் வந்த நாட்களையும் இருவரும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ இன்சூரன்ஸையும் விடாதீர்கள், அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பான ஓஹிப் நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர்தான் தரும். கொம்பனி பெனிஃபிட்டில் வெளிநாட்டு மருத்துவம் இருக்கா, எத்தனையாம் நாளிலிருந்து தொடங்கும் என்று வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்.

அம்மாவுக்கு அனுப்பும் 300-ஐக் குறைக்கத் தேவையில்லை. அதை உங்கள் கணக்கிலிருந்து மாதம் ஒன்றாம் திகதி தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள், ரோட்டில் நிற்கும்போது மறந்துபோகும்.