மாநிலத்தை மாற்றினாலும் தவறான மாவட்டம் சேமிக்கப்படுவது ஏன்?

இணையப் படிவத்தில் மாநிலத்தை மாற்றினால் மாவட்டப் பட்டியலும் மாறுகிறது, ஆனால் சேமித்தபின் பார்த்தால் சிலருக்கு வேறு மாநில மாவட்டம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக, பதில்கள் வேகமாக வரும் அலுவலக வைஃபையில் மட்டும் சோதித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

பெங்களூரு மாரத்தஹள்ளி பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தபோது மாணவர் விடுதிக்கான விண்ணப்பப் படிவத்தை எழுதினேன். மாநிலம் முதலிலேயே கர்நாடகா என்று இருக்கும். பக்கம் திறந்ததும் அதன் மாவட்டங்களைக் கேட்டு சர்வருக்குக் கோரிக்கை போகும். வந்த விண்ணப்பங்களில் சிலவற்றில் மாநிலம் தமிழ்நாடு, மாவட்டமோ கர்நாடகத்தின் பாகல்கோட். "பசங்க பார்க்காம அழுத்துறாங்க" என்று மேலாளர் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பார்க்காமல் அழுத்தினால் ஆளுக்கொரு மாவட்டம்தானே வரும்? எல்லோருக்கும் எப்படி பாகல்கோட்?

கர்நாடகாவின் பதிலை மட்டும் சர்வரில் மூன்று வினாடி தாமதப்படுத்திப் பார்த்தேன். பிடிபட்டது. தமிழ்நாட்டுப் பட்டியல் முதலில் வந்துவிடுகிறது, பையன் மதுரையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறான். அப்புறம் வந்து சேரும் கர்நாடகப் பட்டியல் அதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. 'தேர்ந்தெடுக்கவும்' என்ற வெற்று வரி நான் வைக்கவில்லை. அதனால் அகரவரிசையில் முதலில் இருக்கும் பாகல்கோட்டை பிரவுசர் தானே எடுத்துக்கொண்டது.

மாநிலம் மாறிய கணமே மாவட்டத்தைக் காலி செய்யுங்கள். முந்தைய கோரிக்கையை அபார்ட்கன்ட்ரோலரால் (AbortController, கோரிக்கையைப் பாதியில் நிறுத்த பிரவுசர் தரும் வசதி) ரத்து செய்யுங்கள். பட்டியல் வரும்வரை பெட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி டிசேபிள் செய்தால், வந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள். டிசேபிளாக இருக்கும் பெட்டியின் மதிப்பு படிவத்தோடு போகாது. இந்த மாவட்டம் இந்த மாநிலத்தைச் சேர்ந்ததுதானா என்று சர்வரிலும் கட்டாயம் சரிபாருங்கள்.

ரியாக்டில் (React, வலைப்பக்கங்கள் எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) இந்தப் பிரச்சினையே வராது என்று யாராவது சொல்ல வருவார்கள். அதன் யூஸ்எஃபெக்டுக்குள் (useEffect) சர்வரைக் கேட்கும் ஃபெட்சை (fetch) எழுதி, பழைய கோரிக்கையை ரத்து செய்யாமல் விட்டால் அங்கேயும் இதேதான். எல்லா மாவட்டங்களையும் ஒரே ஜேசானில் (JSON, தரவை எழுதி அனுப்பும் ஒரு வடிவம்) முதலிலேயே அனுப்பிவிடலாமே என்றால், மாவட்டம் வரை சரி, தமிழ்நாட்டுக்கே 38தான். கிராமம் வரை இறங்கினால் தாங்காது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அதே படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று வைக்கச் சொன்னார்கள். எனக்கு இருப்பது ஓர் இனிஷியல் மட்டும். இந்த ஊரில் வாடகை வீட்டு ஒப்பந்தம் முதல் எல்லாவற்றிலும் அப்பா பெயரை அந்தப் பெட்டியில் போட்டு, என்னையே அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்காதீர்கள்.