காது மடலும் எதிர்காற்றும்: குளிர்காலச் சைக்கிள் கேள்வி பதில்

டொராண்டோவில் பதினான்கு குளிர்காலங்களாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பேக்கரி வேலை என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கை, கால் குளிருக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் வந்த கேள்விகளில் காது சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கார்பரோ மாணவர்: அக்கா, வெளியே மைனஸ் 5 டிகிரிதான். நடந்து போனால் தாங்குகிறது. சைக்கிளில் ஏறிய பத்தாவது நிமிடம் காது வலி உயிர் போகிறது. ஏன் இப்படி?

நடக்கும்போது காற்று உங்களைத் தேடி வர வேண்டும். சைக்கிளில் நீங்களே காற்றை உண்டாக்கிக்கொண்டு போகிறீர்கள். தோலை ஒட்டி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்று மெல்லிய படலமாக நிற்கும். வேகம் கூடக் கூட அந்தப் படலம் வழித்து எடுக்கப்படுகிறது. கனடாவில் வானிலை அறிக்கைக்குப் பயன்படுத்தும் கணக்கின்படி, மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 12 போல இருக்கும். காற்றே இல்லாத நாளில்கூட உங்கள் சைக்கிள் வேகம் கிட்டத்தட்ட அவ்வளவு. ஏரிப் பக்கமிருந்து எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

காது மடலின் அமைப்பும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. உள்ளே குருத்தெலும்பு, மேலே மெல்லிய தோல், அவ்வளவுதான். சூடு உண்டாக்கத் தசை கிடையாது, போர்த்திக்கொள்ளக் கொழுப்பும் கிடையாது. குளிர் அதிகமானதும் உடம்பு ரத்தத்தை உள்ளுறுப்புகளுக்கு இழுத்துக்கொண்டு, காதுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது.

ஆகவே தடிமனைத் தேடாதீர்கள்; காற்றைத் தடுக்கும் துணியைத் தேடுங்கள். கடையில் வாங்கும்போது துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சுலபமாக மறுபக்கம் போனால் எதிர்காற்றும் அப்படியே போகும். பெரிய கண்ணிகளாகப் பின்னிய கம்பளி பார்க்கத்தான் கதகதப்பு.

மிசிசாகா வாசகர்: அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாவைப் போட்டால் ஹெல்மெட் தலையில் உட்கார மறுக்கிறது. குளிர்காலத்துக்கு மட்டும் ஹெல்மெட்டை விட்டுவிடலாமா?

பனிக்கட்டி மூடிய சாலையில் ஓட்டப் போகிறீர்கள், ஹெல்மெட் வேண்டாம் என்கிறீர்கள். அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடித்த குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் வைத்தால் அது உச்சந்தலையில் ஏறி நிற்கும்; விழும்போது நழுவிவிடும். பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கும் நாட்களில் காதை மூடும் மெல்லிய பட்டை ஒன்றே போதும். மைனஸ் 5 வாக்கில் காதை மூடி இறங்கும் மெல்லிய தொப்பி. மைனஸ் 10 தாண்டினால் கழுத்தையும் சேர்த்து மூடும் பாலக்லாவா. நம் ஊர் மங்கி குல்லாவின் மெலிந்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பலர் கோட்டை விடும் இடம். ஹெல்மெட் வார்கள் இரண்டும் காதுக்குக் கீழே ஒன்றுசேரும் அல்லவா? அந்த வார்கள் துணிக்கு மேலே போக வேண்டும். உள்ளே போனால் துணியைத் தூக்கிவிடும், காது மடலுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும், காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஹெல்மெட்டின் பின்புறம் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, வார்களைப் புதிதாகச் சரிசெய்து, தலையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் அசைந்தால் துணி இன்னும் தடிமன் என்று பொருள். வசந்தம் வந்ததும் பழைய அளவுக்கு மாற்ற மறக்காதீர்கள். நான் ஒரு முறை மறந்துவிட்டு மே மாதம் வரை ஆடுகிற ஹெல்மெட்டுடன் திரிந்தேன்.

உதகமண்டலம் வாசகர்: ஜனவரி அதிகாலையில் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறோம். தொட்டபெட்டா பக்கம் ஏறும்போது வியர்க்கிறது. இறங்கும்போது காது விறைத்துவிடுகிறது. எங்கள் குளிருக்கெல்லாம் பதில் உண்டா?

உண்டு, உங்கள் பாடு ஒரு விதத்தில் எங்களைவிட மோசம். உதகை 2,240 மீட்டர் உயரம். பனிக் காலத்தில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற ஊர். ஏற்றத்தில் பட்டை வியர்வையில் நனைகிறது. இறக்கத்தில் மிதிக்காமலே 40 கிலோமீட்டர் வேகம் வந்துவிடுவதால் உடம்பில் புதுச் சூடு உண்டாவதில்லை. நனைந்த துணி அந்தக் காற்றில் காயக் காயக் காதின் சூட்டை உறிஞ்சிவிடும்.

ஏறும்போது காதைத் திறந்தே வையுங்கள். மேட்டின் உச்சியில் ஒரு நிமிடம் நின்று, சட்டைக்குள் உலர்வாக வைத்திருந்த இரண்டாவது பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்குங்கள். கழுத்தில் போடும் குழாய் வடிவத் துணி இதற்கு மிக வசதி. ஏறும்போது கழுத்தில் கிடக்கும், இறங்கும்போது காது வரை இழுத்துவிடலாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் சீக்கிரம் காயாது. மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளியோ, ஃபிளீஸ் என்ற பஞ்சு போன்ற செயற்கை இழைத் துணியில் மெல்லியதோ நல்லது.

லண்டன் வாசகர்: காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போ என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. காதுத் துவாரத்தின் உட்பகுதியில் எலும்பின் மேல் மிக மெல்லிய தோல்தான் இருப்பதால் குளிர்காற்று புகுந்தால் குத்தும்; பஞ்சு அதைத் தடுக்கும். ஆனால் விறைத்துப்போவது மடல். அதற்குப் பஞ்சால் எந்தப் பயனும் இல்லை. பின்னால் வரும் லாரிச் சத்தத்தையும் பஞ்சு விழுங்கிவிடும். மார்கழிக் கோலத்துக்குச் சரி, சாலைக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவலாமா?

குளிருக்காக என்றால் வேண்டாம். பின்லாந்து ராணுவத்தில் பயிற்சி பெறும் இளைஞர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். முகத்திலும் காதிலும் களிம்பு பூசியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பனிக்கடி, அதாவது குளிரில் தோல் உறைந்து கெடுவது, அவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்பட்டது. தோல் வழவழவென்று இருப்பதால் சூடாக இருப்பதாக ஒரு பிரமை வந்து, தொப்பியை இழுத்துவிட மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

காதை மூடினால் வண்டிச் சத்தம் கேட்குமா, அக்கா?

மெல்லிய துணி என்றால் கேட்கும். திறந்த காதில் எதிர்காற்று போடும் இரைச்சலே பல வண்டிகளை மறைத்துவிடுகிறது. பட்டை போட்டதும் அந்த இரைச்சல் அடங்கிப் பின்னால் வருவது எனக்கு இன்னும் தெளிவாகவே கேட்கிறது. ஹெட்போன் போலக் காதை அடைக்கும் தடித்த உறைகள் வேறு வகை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் செஸ்டர் கிரீன்வுட் என்ற சிறுவன் பனிச்சறுக்கு விளையாடக் காது தாங்காமல் கம்பியை வளைத்து அந்த உறையைச் செய்தான்; 1877இல் காப்புரிமையும் பெற்றான். சறுக்கு விளையாட்டுக்கு அருமையான பொருள். ஹெல்மெட்டுக்கு அடியில் அந்தக் கம்பி எங்கே போகும்?

தோட்டைக் கழற்ற வேண்டுமா?

பனிக்காலத்தில் நான் கழற்றிவிடுவேன். உலோகம் காதுச் சோணையின் சூட்டை வெளியே கடத்தும்; பட்டைக்கு அடியில் அழுத்தி வலிக்கவும் செய்யும். ஜிமிக்கி போட்டுக்கொண்டு எதிர்காற்றில் ஓட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒட்டாவா வாசகர்: வீட்டுக்கு வந்து பார்த்தால் காது விளிம்பு வெள்ளையாக இருந்தது. வலியும் இல்லை. பயப்பட வேண்டுமா?

வலி இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய செய்தி. என் மூன்றாவது குளிர்காலத்தில் எனக்கும் நேர்ந்தது. பாதி வழியில் காது வலி நின்றுவிட்டது. "பழகிவிட்டது" என்று மகிழ்ந்தேன். பேக்கரிக் கண்ணாடியில் பார்த்தால் இடது காதின் மேல் விளிம்பு மெழுகுத் துண்டு போல வெளிறியிருந்தது.

இப்படி ஆனால் தேய்க்காதீர்கள். பனியால் தேய்க்கவே கூடாது. சூடான இடத்துக்குள் போய், உலர்ந்த உள்ளங்கையைக் காதின் மேல் குவித்து வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியும் வைக்கலாம். நீர் 37 முதல் 39 டிகிரி போதும். ஹீட்டருக்குப் பக்கத்தில் காதைக் காட்டாதீர்கள்; மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. உணர்வு திரும்பும்போது எரியும், சிவக்கும். கொப்புளம் வந்தாலோ, உணர்வும் நிறமும் திரும்பாவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். காற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். அந்த நாட்களில் நான் பஸ்ஸில் போகிறேன். என் இடது காது இன்றும் வலது காதைவிட முந்திக்கொண்டு குளிர்கிறது.

இதற்கெல்லாம் காசு நிறைய ஆகுமா?

பழைய ஃபிளீஸ் மேல்சட்டை இருக்கிறதா? கையின் அகலமான பகுதியில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டித் தலையில் மாட்டிப் பாருங்கள். சிறிதாக இருந்தால் ஒட்டுப் போடுங்கள். காது வரும் இரண்டு இடங்களிலும் உள்பக்கமாகப் பழைய மழைக்கோட்டுத் துணியைக் கையகலம் வைத்துத் தையுங்கள். தையல் காதின் மேல் வராமல் பின்னால் வரட்டும். இல்லாவிட்டால் ஹெல்மெட் வார் அதன் மேல் அழுத்தும்.