இத்தனை வருஷம் அந்த வைரஸ் என்ன செய்தது?

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பாவுக்கு 65 வயது, தொண்டியில் கடல்தொழில். கழுத்தில் நெறிகட்டி காய்ச்சல் விடாமல் இருந்ததால் மதுரைக்குக் கூட்டிப்போனோம். வைரஸால் வரும் ரத்தப் புற்றுநோய், ஏடிஎல் என்றார்கள். அவர் குழந்தையாக இருந்தபோதே வைரஸ் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். இத்தனை வருஷம் அது என்ன செய்துகொண்டிருந்தது? வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய் போட்டுவிட்டார்கள். மகள் ஆறு மாதக் கர்ப்பம் என்பதால் அவர் பக்கத்தில் போகவே விடுவதில்லை.

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் தட்டையும் பாயையும் எடுக்கச் சொல்லுங்கள். ஹெச்.டி.எல்.வி-1 என்ற இந்த வைரஸ் சாப்பாட்டிலோ வியர்வையிலோ தொடுவதிலோ பரவாது. தாய்ப்பால், உடலுறவு, ரத்தம், இவைதான் அதன் வழிகள். மகள் தாராளமாக அப்பா பக்கத்தில் உட்காரலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ தினமும் பல்லாயிரம் இடங்களில் பழுதாகிறது. அதற்கு விஷமோ கதிர்வீச்சோ வேண்டாம், செல் உயிரோடு இருப்பதே போதும். பழுதான துண்டை வெட்டி எடுத்து, சரியானதை வைத்து நிரப்பவென்றே புரதங்கள் இருக்கின்றன. மரவல்லத்தில் பலகை இடுக்கு வழியே தண்ணீர் கசியத்தான் செய்யும். கரையேற்றிப் பஞ்சு அடைத்துக்கொண்டே இருப்பதால்தான் அது மிதக்கிறது. அடைப்பவர் கையைக் கட்டிப்போட்டால் வல்லம் அன்றைக்கே மூழ்காது, அதற்குக் காலம் பிடிக்கும்.

அந்தக் கையைக் கட்டுவது, வைரஸ் தயாரிக்கும் டாக்ஸ் என்ற புரதம். ஒரு பக்கம் அது, தான் குடியிருக்கும் டி செல்லை, அதாவது ஒருவகை வெள்ளையணுவை, பெருகு பெருகு என்று விரட்டுகிறது. இன்னொரு பக்கம், வெட்டிய இடத்தை நிரப்பும் டிஎன்ஏ பாலிமரேஸ் பீட்டா என்ற நொதியின் உற்பத்தியைக் குறைக்கிறது. டிஎன்ஏ அறுந்தால் செல் பிரியாமல் தடுத்து நிறுத்தவேண்டிய ஏடிஎம், சிஎச்கே2 போன்ற காவல் புரதங்களையும் மழுங்கடிக்கிறது. சரிசெய்யாத டிஎன்ஏவோடு செல் இரண்டாகிறது, அப்புறம் நான்காகிறது. பிழைமேல் பிழை சேர முப்பது, நாற்பது, அறுபது வருஷம்கூட ஆகலாம். வைரஸ் உள்ளவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத்தான் வாழ்நாளில் இந்தப் புற்று வரும்.

நோய் வெளியே தெரியும்போது, பலருடைய புற்றுச் செல்களில் டாக்ஸையே காண முடியாது. நோய் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டு தாக்குவதால், அதைத் தயாரிக்காத செல்களே தப்பிப் பிழைக்கின்றன. ஆனால் அது விட்டுப்போன சேதம் அப்படியே இருக்கும். எனவே கடைசி சில வருஷங்களில் பெரியப்பா சாப்பிட்டதையோ செய்ததையோ தோண்டித் துருவ வேண்டாம். அவர் எதையும் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

கியோஷி தகாட்சுகி என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1977இல் ஜப்பானில் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். நோயாளிகளில் பலர் தென்மேற்கே கியூஷூவில் பிறந்தவர்கள் என்பது அப்போதே தெரிந்தது. அங்குள்ள நாகசாகி மாகாணத்தில் 1987 முதல் கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, வைரஸ் உள்ள தாய்மார்களுக்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது.

மகள் விஷயத்தில் யோசிக்க வேண்டியது இதைத்தான். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக வருவதில்லை, வந்தால் அம்மாவின் பால் வழியாக வரவேண்டும். ஆகவே முதலில் உங்கள் பெரியம்மாவுக்குப் பரிசோதனை செய்யுங்கள். அவருக்கு வைரஸ் இருந்தால் மகளுக்கும் பிரசவத்துக்கு முன்பே செய்து, பால் கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் முடிவெடுங்கள். பரிசோதிக்காமல் பயத்தில் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். பெரியப்பாவுக்கு உங்கள் அப்பத்தாவின் பாலில் வந்திருக்கலாம். அப்படியானால் கூடப்பிறந்தவரான உங்கள் அப்பாவும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்காக அப்பத்தாவை யாரும் குறைசொல்ல விடாதீர்கள். பிள்ளைக்குப் பசியாற்றியதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை.

இன்னொன்று. நம் ரத்த வங்கிகளில் எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குத்தான் கட்டாயப் பரிசோதனை. இந்த வைரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முடிவு தெரியும்வரை வீட்டில் யாரும் ரத்ததானம் செய்ய வேண்டாம்.

பெரியம்மாவின் முடிவு வந்ததும் எழுதுங்கள்.